கான் வீட்டுச் சீனத் தட்டு

கெர்மான் நகரின் குயவர் தெருவில் யாரலிக்கு ஒரே வேலை. வேகாத தட்டைக் கவிழ்த்து, அடியில் சீன எழுத்துப் போல நீலத்தில் சில கோடுகள் இழுப்பான். என்ன எழுதுகிறான் என்று அவனுக்கும் தெரியாது, பட்டறையில் வேறு யாருக்கும் தெரியாது. வாங்குகிறவர்களுக்கும் தெரியாததால் பிழைப்பு நடந்தது. கல்யாணம் ஆகவில்லை. விதவை அக்கா மாஹ்பாரா, ஊரை ஆளும் கானின் மாளிகையில் பாத்திரம் கழுவி, மிஞ்சிய சோற்றை அவனுக்கும் கொண்டுவருவாள்.

மாளிகையில் விருந்து நடந்த மறுநாள் காலை அவள் கையிலிருந்து பெரிய தட்டு நழுவியது. கானின் சீனத் தட்டு. காலைக் கம்பில் கட்டி உள்ளங்காலில் பிரம்படி என்று உத்தரவாயிற்று. அவள் வயதில் அதற்குப் பிறகு எழுந்து நடந்தவர்கள் குறைவு.

சேதி கேட்டு யாரலி ஓடினான். முற்றத்தில் காரியஸ்தர் மிர்ஸா தகீயின் காலடியில் துண்டுகள் கிடந்தன. ஒன்றைத் திருப்பினான். அவன் இழுத்த கோடுகள். உடைந்த விளிம்பு சர்க்கரைக் கட்டி போலப் பொரபொரவென்றிருந்தது. சீனத்துச் சாமான் கண்ணாடி போல உடையும்.

"மிர்ஸா, இது சீனா இல்லீங்க. நம்ம தெருச் சாமான். அடியில நானே எழுதினது. வேற பண்ணித் தர்றோம், அக்காவ விட்டுடுங்க."

கட்டுண்டு கிடந்த மாஹ்பாராவின் முகத்தில் தெம்பு வந்தது.

"தெரியும்பா. வாங்கினதே நான்தானே." மிர்ஸா குரலைத் தணித்தார். "சீனத் தட்டுன்னா பிரம்படியோட முடிஞ்சிடும். கெர்மான் தட்டுன்னா, இத்தன வருஷமா விருந்தாளிங்க முன்னால கான் ஏமாந்து உக்காந்திருந்தார்னு ஆகும். அப்புறம் உங்கக்கா தல, உன் கை, என் வேல எல்லாம் போயிடும். எது வேணும்னு நீயே சொல்லு."

கான் வந்தார். யாரலியின் நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பார்த்தார்.

"பட்டறைக்காரனா நீ? இது மாதிரி ஒண்ணு உங்களால ஆகுமா?"

யாரலி அக்கா பக்கம் திரும்பவில்லை.

"ஆகாதுங்க. இது அசல் சீனா."

"கேட்டீரா மிர்ஸா? அவனே ஒத்துக்கறான்." கானுக்கு மனம் குளிர்ந்தது, இழப்பின் அளவும் அப்போதுதான் உறைத்தது. "அடிய ரெட்டிப்பாக்கச் சொல்லும்."

"தம்பி, என்னடா சொல்ற நீ" என்றாள் மாஹ்பாரா. பிரம்பு இறங்கத் தொடங்கியது.

பொய் சொன்னால் தலை மிஞ்சும் என்று நினைத்தான். தலை மிஞ்சியது. அன்று முதல் அவள் தவழ்ந்தாள். யாரலி மாலையில் வந்து சோறு ஊட்டுவான். அவள் வாயைத் திறப்பாள், விழுங்குவாள். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவன் பலமுறை விளக்கப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.