பாண்டீஸ்வரன் கழுவிய ரேடியேட்டர்

பாண்டீஸ்வரன் வாழ்ந்த நாற்பத்திரண்டு வருஷத்தில் அவன் மனசாரப் பொறாமைப்பட்டது ஒரே ஒரு ஆளைப் பார்த்துத்தான். பங்காளி தோட்டத்தில் திராட்சை பந்தலை இழுத்துக்கொண்டு தொங்கியபோது படவில்லை. பாகப்பிரிவினையில் ரோட்டோரப் பங்கு தம்பிக்குப் போனபோதும் படவில்லை. “அவனுக்குப் பிள்ளைக மூணு, இருந்துட்டுப் போகட்டும்” என்று விட்டுவிட்டான். தேனி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஸ்டான்லியை நினைத்துத்தான் அவன் வயிறு எரிந்தது. அதுவும் அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, வெறும் குரலைக் கேட்டே.

ஓடைப்பட்டிப் பக்கம் சொட்டுநீர்க் குழாய் பதிக்க வேண்டுமென்றால் முதலில் வரும் பெயர் பாண்டீஸ்வரனுடையதுதான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, திருப்பூரில் ஒரு வருஷம் இருந்து பார்த்து, பிடிக்காமல் ஊருக்கே வந்தவன். பதினேழு வருஷமாக அதே வேலை. மண்ணுக்குள் குழாய் எங்கே கசிகிறது என்பதைத் தரையில் காதை வைத்தே சொல்லிவிடுவான். ஆனால் வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, டிவி, தூக்கம்.

அவன் மனைவி ஹேமாவதி சிவில் டிப்ளமோ படித்தவள். கொச்சியில் ஒரு கட்டட நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். இன்னும் கடைக்கால்கூடத் தோண்டாத வீடுகளை, பால் காய்ச்சிக் குடிவந்துவிட்ட மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவதுதான் அந்த வேலை. ஒரு படம் முடிய ஏழெட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். சித்திரை வெயிலில், சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, அது பாதியிலேயே சூடேறி அணைந்துவிடும். அதன் ஃபேன் சத்தத்துக்கு மாவு மில் தேவலை. மூன்றாவது முறை படம் தாமதமானபோது கொச்சியிலிருந்து ஒரு சேச்சி போன் பண்ணி, மரியாதை குறையாமல் திட்டினாள்.

அன்றைக்குத்தான் ஹேமாவதி யாரிடமோ நம்பர் வாங்கி ஸ்டான்லியைக் கூப்பிட்டாள்.

“தண்ணி வச்சு ஆத்துற மாதிரி ஒண்ணு பண்ணிருவோம்க்கா,” என்றான் ஸ்டான்லி. “ரெடிமேடா வேணாம். உங்க வேலைக்கு என்ன வேணுமோ அதப் பாத்து ஒண்ணொண்ணா எடுப்போம். நீங்க என்ன படம் போடுறீங்க, எத்தன மணி நேரம் ஓடுது, எல்லாஞ் சொல்லுங்க.”

ஹேமாவதி சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கேட்டான். மூன்று வாரம் தினமும் சாயங்காலம் இதே கதை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மடியில் நோட்டை விரித்து உட்கார்ந்துவிடுவாள். ரேடியேட்டர் ரெண்டு ஃபேன் நீளமா, மூணு ஃபேன் நீளமா? பம்ப் தனியாகவா, தொட்டியோடு சேர்ந்ததா? டியூப் வளைகிறதா, கண்ணாடி மாதிரி விறைப்பானதா?

“அலுமினிய ரேடியேட்டர் வேணாம்க்கா, செம்புலயே எடுப்போம். ப்ராசஸர் மேல உக்கார்ற பிளாக் செம்பு. ரெண்டும் ஒரே தண்ணியில கெடந்தா ஒண்ண ஒண்ணு அரிச்சுத் தின்னுரும்.”

“மாமியா மருமக மாதிரியா?”

அந்தப் பக்கம் ஸ்டான்லி சிரித்தான். இந்தப் பக்கம் ஹேமாவதி சிரித்தாள். நடுவில் பாண்டீஸ்வரன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அவர்கள் தப்பாக எதுவும் பேசவில்லை என்பது அவனுக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல். பம்ப், டியூப், ஃபிட்டிங், ஃபில்டர், பிரஷர். அத்தனையும் அவனுடைய சொற்கள். பதினேழு வருஷம் அவன் கையிலும் வாயிலும் புழங்கியவை. அவற்றை எவனோ ஒருத்தன் எடுத்துக்கொண்டு போய், அவன் பெண்டாட்டியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் நின்றான். “டியூப் எத்தன எம்எம்?”

“யாரு, அண்ணனா? வணக்கம்ணே. உள்ள பத்து, வெளிய பதிமூணுண்ணே.”

“எங்கிட்ட சொட்டுநீர் லேட்டரல் குழா சுருள் சுருளாக் கெடக்கு. வெயில் மழையில பத்து வருசம் தாங்கும்.”

“அது இதுக்குள்ள மடங்காதுண்ணே. கம்ப்யூட்டர்ல வெண்டக்காயா போடப் போறோம்?”

ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்துவிட்டது. அவள் போனை வைத்த பிறகு அவன் கேட்டான்: “நீ அவனுக்கு அக்கா, நான் அவனுக்கு அண்ணனா? அப்ப நீயும் நானும் என்ன முறைடி?”

“போயிச் சாப்புடுங்க,” என்றாள்.

சாமான்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. மாட்டிக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஸ்டான்லியே வருவதாக ஏற்பாடு. அதற்குள் ரேடியேட்டரை மட்டும் கழுவி வைக்கச் சொல்லியிருந்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை உள்ளே விட்டுக் குலுக்கி, தூசி வராத வரைக்கும் அலசினால் போதும். சின்னமனூரில் அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிய ஹேமாவதி, சனிக்கிழமை காலையில் அந்த வேலையைப் புருஷனிடம் கொடுத்தாள்.

“குழா கழுவ எனக்குச் சொல்லித் தரணுமா?” என்றான். வெளியே கடுப்பாகச் சொன்னானே தவிர, உள்ளுக்குள் குளிர்ந்துபோனான். மூன்று வாரத்தில் அவனுக்கென்று வந்த முதல் வேலை அது.

இரண்டு முறை அலசினான். கருப்பாகப் பொடி வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. நான்காவதில் கொஞ்சம் குறைந்தது. இன்னும் இரண்டு முறை அலசியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பாண்டீஸ்வரனுக்கு அது போதவில்லை. நாளைக்கு அந்த ஸ்டான்லி ரேடியேட்டரைத் தூக்கிப் பார்த்து, ‘இப்படி ஒரு கழுவலை நான் பார்த்ததே இல்லை’ என்று ஹேமாவதி முன்னால் சொல்ல வேண்டும்.

திராட்சைத் தோட்டங்களில் போர்த் தண்ணீரின் உப்பு படிந்து சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், ஆசிட் கலந்து விட்டு ஒரு ராத்திரி மூடி வைப்பார்கள். காலையில் திறந்துவிட்டால் உப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும். அந்தக் கலவையில் ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஷெட்டிலிருந்து கேனை எடுத்து வந்தான். அளந்து கலந்தான். ரேடியேட்டரில் ஊற்றி, இரண்டு வாயையும் அடைத்து, மறுநாள் விடியும்வரை வைத்தான்.

காலையில் கவிழ்த்தபோது தண்ணீர் இளநீலமாக வந்தது. அவன் தொட்டதெல்லாம் பிளாஸ்டிக் குழாய். செம்பு கரைந்த நீலத் தண்ணீரை அவன் பார்த்ததே இல்லை. கம்பெனி அழுக்கு, என்று நினைத்துக்கொண்டான்.

ஹேமாவதி ஊர் திரும்பிய கொஞ்ச நேரத்தில், பத்தரை மணிக்கு ஸ்டான்லி வந்தான். ஒல்லி உடம்பு, முன்வழுக்கை, வியர்வையில் முதுகோடு ஒட்டிய வெள்ளைச் சட்டை. அழகாக இருந்திருந்தாலாவது பாண்டீஸ்வரனுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

எதையும் பெட்டிக்குள் மாட்டுவதற்கு முன், பம்ப், பிளாக், ரேடியேட்டர் மூன்றையும் மேசை மேலேயே டியூபால் இணைத்து, தண்ணீர் விடாமல் வெறும் காற்றை அடித்துப் பார்த்தான் ஸ்டான்லி. மீட்டரில் முள் ஏறியது. நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. இணைப்புகளை முறுக்கிவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் இறங்கியது. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தபோது, ரேடியேட்டரின் ஈயம் பற்றவைத்த ஓரத்தில் குமிழி குமிழியாக வந்தது.

“நீங்க சொல்லித்தான இத எடுத்தேன்?” என்றாள் ஹேமாவதி. “நாளன்னிக்குப் படம் அனுப்பணும். அந்தச் சேச்சிக்கு நான் என்ன பதில் சொல்ல?”

மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் குரல் ஸ்டான்லியிடம் கடுத்திருந்தது. பாண்டீஸ்வரன் கதவில் சாய்ந்து நின்று கேட்டான். கருப்பட்டி கடித்த மாதிரி இருந்தது.

ஸ்டான்லி ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். செய்தித்தாளில் இரண்டு சொட்டு விழுந்தது, நீலமாக. விரலில் தொட்டு மூக்கருகே கொண்டு போனான். தலையைத் தூக்கி, ஒரே ஒரு தடவை பாண்டீஸ்வரனைப் பார்த்தான். பிறகு ஹேமாவதியிடம் திரும்பினான்.

“என் தப்புதான்க்கா. பாத்து வாங்கியிருக்கணும். சாயங்காலத்துக்குள்ள வேற ஒண்ணு கொண்டாந்து தாரேன்.”

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. பாண்டீஸ்வரன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஸ்டான்லியின் பேர் இந்த வீட்டில் கெட்டுப்போயிருக்கும். அவன் கேட்ட வரம் கேட்டபடி வந்து கதவருகே நின்றது. ஆனால் அந்தப் பார்வையை அவனால் விழுங்க முடியவில்லை. என்ன நடந்தது என்று ஸ்டான்லிக்குத் தெரியும். தெரிந்தே தலையில் ஏற்றுக்கொள்கிறான். பேச்சில் அவன் ஜெயித்தான், வேலையில் ஜெயித்தான். இப்போது பெருந்தன்மையிலும் இந்த வழுக்கைத் தலையனா?

“அவரு தப்பில்ல,” என்றான் பாண்டீஸ்வரன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. “ஆசிட் விட்டது நான்.”

“என்னது?” என்றாள் ஹேமாவதி.

“தோட்டத்துக் குழாய்க்கு விடுவோம்ல. அது.”

“எவ்வளவு நேரம் வச்சிருந்தீக?”

“ராத்திரி பூரா.”

ஹேமாவதி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்டான்லி கைப்பையை எடுத்துக்கொண்டு, “நான் போயி அடுத்தத எடுத்துட்டு வந்துர்றேன்க்கா” என்று மெதுவாக இறங்கிப் போனான். பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் அவள் கேட்டாள்:

“அந்தாளு மேல எரிச்சல்னா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? ரேடியேட்டரு என்ன பாவம் பண்ணுச்சு?”

“எரிச்சலெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அவரு முதநாளே, என்ன படம் போடுறீங்கன்னு கேட்டாரு. நீங்க கேட்டிருக்கீகளா? ஆறு வருசமா இங்கனதான் உக்காந்து வேல பாக்கறேன்.”

அன்று சாயங்காலம் வேறு ரேடியேட்டர் வந்தது. அதை அவளே அலசினாள். பாண்டீஸ்வரனுக்குப் புனல் பிடிக்கிற வேலை மட்டும். ராத்திரிக்குள் மெஷின் ஓடத் தொடங்கியது. சத்தமே இல்லாமல் ஓடியது. புதன்கிழமை வரைக்கும் அவளும் அவனிடம் சத்தமே இல்லாமல்தான் இருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட வந்தவன், கை கழுவிவிட்டு டிவி பக்கம் போகாமல் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். நிற்கத் தெரியாமல் நின்றான்.

“இது யாரு வீடு?”

திரையைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: “ஆலப்புழயில ஒரு டாக்டர் வீடு.”

குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். “மாடி பாத்ரூம் தண்ணி எங்கன எறங்குது? கீழ பூசை ரூம் சுவத்துலயா?”

ஹேமாவதி வரைபடத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். அவன் சொன்னது சரி.

“ஆத்தாடி,” என்றாள். “இத எஞ்சினியரே கவனிக்கலையே. நல்ல ஆளு அவரு, தங்கமான மனுசன். சொன்னா உடனே மாத்திருவாரு.”

பாண்டீஸ்வரன் நிமிர்ந்தான்.

“அது யாரு எஞ்சினியரு?”