நேற்று வராதவர்

வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் சத்தியசீலன் சார் தேடுவது நேற்று வராதவரைத்தான். திட்டுவதற்காக அல்ல. அந்தப் பிள்ளைதான் அவருக்கு மீட்டர்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக அறிவியல் நடத்துகிறார். பாடம் போய்ச் சேர்ந்ததா என்று வகுப்பைக் கேட்க மாட்டார். "புரிஞ்சுதான்னு கேட்டா முப்பது தலையும் ஆடுமுங்க. காத்தடிச்சாத் தென்னையுந்தான் ஆடுது" என்பார். நேற்றைய பாடத்தைக் கேட்டுக்கொண்டு வர, வராத பிள்ளையை வந்த பிள்ளை ஒன்றோடு பத்து நிமிடம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அனுப்புவார். திரும்பியதும் வராத பிள்ளைக்குத்தான் கேள்வி. புத்தக வரி அப்படியே வந்தால் அவருடைய பாடக்குறிப்பு நோட்டில் ஒரு சுழி. அவர் சொல்லாத ஏதாவது ஒன்று சேர்ந்து வந்தால் டிக்.

"நாம சொல்லாதது ஒண்ணு முளைச்சு வரோணுமுங்க. அப்பத்தான் எறங்கியிருக்குதுன்னு அர்த்தம்."

சுழி விழுந்தால் மறுநாள் அதே பாடம், வேறு விதமாக. மிதத்தல் பாடம் போன வருடம் நான்கு முறை நடந்தது. நான்காம் முறை வாளித் தண்ணீரில் தன் செருப்பையே மிதக்க விட்டார்.

அந்த ஊரில் வராமல் போவதற்குக் காரணம் நிறைய உண்டு. பாதையில் யானை நிற்கும். அத்தைக்கு வளைகாப்பு வரும். அவர் யாரையும் கடிந்ததில்லை. தொடர்ந்து மூன்று நாள் முழு வருகை இருந்தால்தான் அவர் முகம் வாடும்.

இந்த ஆவணியில் அவருடைய அம்மா இருதயம்மாள் இறந்துபோனார். பத்து நாள் விடுப்பு. அவருடைய எட்டாம் வகுப்புப் பாடவேளைகளை லின்சி டீச்சர் எடுத்தார். ஜூனில் சேர்ந்தவர்; சமூக அறிவியல். வரைபடத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் சம உயரக் கோடுகளை நடத்தினார். தன் முஷ்டியில் பேனாவால் வளையம் வளையமாக வரைந்தும் காட்டினார். முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். எல்லாத் தலையும் ஆடின. நோட்டுகளைத் திருத்தினால் அத்தனையிலும் அவர் எழுதிப்போட்ட வரிகளே இருந்தன. மறுபடி நடத்துவதா, விட்டுவிடுவதா? சாரைப் போலக் கேட்டுப் பார்க்க, வராத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

பதினோராம் நாள் சார் வந்தார். பதிவேட்டைத் திறந்தார்; யாரையும் தேடவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் பெஞ்சிலிருந்து லோகப்பிரியா எழுந்தாள்.

"சார், நீங்கதானுங்க வரல. எந்திரிச்சு வாங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பக்கத்து அறையிலிருந்து லின்சி எட்டிப் பார்த்தார்.

"எனக்கு மேப்புல பஸ் ரூட்டு மட்டுந்தான் தெரியும் அம்மணி" என்றபடி சார் எழுந்து போனார். சைக்கிள் ஸ்டாண்டில் அவள் அவருடைய இடது கையை முஷ்டி மடக்கச் சொல்லி, நீலப் பேனாவால் வளையங்கள் வரைந்தாள். பத்து நாளாக ஜெபமாலையை மட்டும் பிடித்திருந்த கை. "இது மலைங்க சார். இப்ப விரிங்க." விரித்தார். மலை வரைபடமாகிப் படுத்துக்கொண்டது.

வகுப்புக்குத் திரும்பியதும் கரும்பலகை அருகே லின்சி நின்றிருந்தார். கோடுகள் நெருங்கியிருந்தால் என்ன என்று சாரிடம் கேட்டார்.

"ஏத்தம் சாஸ்திங்க டீச்சர். மூச்சு வாங்கும்."

"விலகியிருந்தா?"

சார் கையைப் பார்த்துக்கொண்டார். "அந்தப் பக்கமாத்தான் ஆனை எறங்கி வருமுங்க. குட்டியக் கூட்டிக்கிட்டுச் செங்குத்துல வராதாம்."

லின்சி யானையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டார். முப்பது விரல்கள் லோகப்பிரியாவைக் காட்டின. அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

சார் தன் பாடக்குறிப்பு நோட்டை லின்சியிடம் நகர்த்தினார். "உங்க பாடம். நீங்களே போடுங்க." லின்சி போட்ட டிக் நான்கு வரிகளைத் தாண்டி ஓடியது.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் பிள்ளைகளோடு சத்தியசீலன் சாரும் நின்றார். வலது கையை மட்டும் கழுவினார். இடது கையைத் தண்ணீர் தெறிக்காமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.