தலைவலி இல்லை என்று சொன்ன மூன்று நாள்

சபையில் இருக்கிற எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் உதியன்குளங்கரை தேவதாசன். ஆப்பிரிக்காவில் ஒரு மலையில் நான் சாகக் கிடந்தேன். சிங்கம் அடிக்கவில்லை, பாறை உருளவில்லை. என் வாய்தான் என்னை அந்த நிலைக்குக் கொண்டுபோனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

என் அப்பா பனையேறி. நிலச் சட்டம் வந்தபோது, நிலக்காரரான ஜன்மியின் விளைத் தோப்பில் எங்கள் குடிசை நின்ற பத்து சென்ட் எங்களுக்கே பதிவானது. சொந்த மண் ஆயிற்று, சரி. பத்து சென்ட் மரச்சீனிக் கிழங்கில் எத்தனை வயிறு நிறையும்? இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு நான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன். அங்கே ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் வீட்டில் சமையல் வேலை. சாயிப்பு என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

கல்ஃபில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பயம் தெரியும். எங்கள் அறையில் இருந்த தச்சன் ஒருவனுக்கு எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒரு புள்ளி தெரிந்தது. அன்ஃபிட், வேலைக்கு ஆகாதவன் என்று எழுதினார்கள். அந்த வாரமே ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தும்மல் வந்தால்கூட கக்கூசுக்குள் போய்த்தான் தும்முவேன். உடம்பு எப்படி என்று யார் கேட்டாலும் சுகம். வீட்டுக்கு எழுதுகிற கடிதத்திலும் முதல் வரி, இங்கே எனக்குச் சுகம். என் மனைவி ரோசம்மாவும் அப்படியே பதில் எழுதுவாள்.

ஒரு வருஷம் சாயிப்புக்குக் கிளிமஞ்சாரோ மலை ஏற ஆசை வந்தது. பழைய எரிமலை, உச்சியில் பனி, ஆறு நாள் நடை. வயிறு சரியில்லாத மனுஷன், என் கைச்சமையல் இல்லாமல் முடியாது. நீயும் வருவாயா என்று கேட்டார். பனையேறி மகனுக்கு மலை ஒரு காரியமா என்று பெருமையாகச் சொன்னேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வழிகாட்டியின் பெயர் இம்மானுவேல். மலையடிவாரத்துக்காரர், நம்மைப்போல ஜெபிக்கிறவர். சாயங்காலம் ஒரு நோட்டோடு வந்து ஒவ்வொருவரிடமும் கேட்பார். தலை வலிக்கிறதா, சாப்பாடு இறங்கியதா, தூக்கம் வந்ததா. சாயிப்பு உள்ளதை உள்ளபடி சொல்வார். நான் சுகம் என்பேன்.

முதல் நாள் காட்டுக்குள் நடந்து கூடாரம் சேர்ந்தபோதே பின்மண்டையில் ஒரு குத்தல். சுகம் என்றேன். இரண்டாம் நாள் மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி இல்லாமலே போயின. சோறு இறங்கவில்லை. சுகம் என்றேன். மூன்றாம் நாள் புல்கூடக் கிடையாது, கறுத்த கல்லும் சாம்பல் மண்ணும்தான். தலையைப் பாக்குவெட்டியில் வைத்து நெருக்குகிறதுபோல் இருந்தது. ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். யாரும் பார்க்கிறதற்குள் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சாயிப்புக்குச் சூப்பு காய்ச்சினேன்.

ஜெபிக்காமல் இல்லை. என்ன ஜெபித்தேன் என்று கவனியுங்கள். ஆண்டவரே, எப்படியாவது என்னை உச்சியில் சேர்த்துவிடும், என் வேலை போகக்கூடாது, ரோசம்மாவையும் பிள்ளைகளையும் காப்பாற்றும். இவ்வளவுதான். தலைவலியைப் பற்றி அவரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை பயம் எனக்கு.

மத்தியானம் நெஞ்சுக்குள் கறகறவென்று சத்தம் கேட்டது. கால் சொன்னபடி கேட்கவில்லை. பூட்ஸ் கயிறு கட்டுகிறேன், நீங்கள் போங்கள் என்று எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனால் எழும்ப முடியவில்லை. சுற்றிலும் ஒரு ஜீவன் இல்லை. அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

"இயேசுவே, எனக்குத் தலை வெடிக்குது. மூணு நாளாட்டு வலி உண்டு. நான் பொய் சொன்னேன். எனக்குச் சாவ பயமா இருக்கு."

ஆமென் சொல்லக்கூட மூச்சு இல்லை. கண்ணைத் திறந்தால் இம்மானுவேல் எதிரே நிற்கிறார். முன்னால் போனவர் ஏன் திரும்பினார் என்று பிறகு கேட்டேன். தெரியாது, மனசு கேட்கவில்லை என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வலி இல்லாதவன் இப்படி அழமாட்டான் என்றார். கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, என்னைத் தூக்கி நிறுத்தி, இதன்மேல் நட என்றார். எங்கள் பக்கத்துச் செங்கல் ஊர் வயலில் ஒற்றைத் தெங்குத்தடிப் பாலத்தில் புல்லுக்கட்டோடு ஓடினவன் நான். மூன்றாவது அடியில் விழுந்தேன்.

இது உயரத்தில் காற்று குறைந்து வருகிற மலைநோய், இப்போதே இறங்கவேண்டும், நாளைக்கு என்றால் பிணமாகத்தான் இறக்குவோம் என்றார். சாயிப்புக்குத் தெரியவேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வேலை வேண்டுமா, மூச்சு வேண்டுமா என்று கேட்டார். சாயிப்பைத் தன் உதவியாளோடு மேலே அனுப்பிவிட்டு, அவரும் ஒரு சுமைகாரரும் என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இறக்கினார்கள். இறங்க இறங்க நெஞ்சு இளகியது. மரங்களைக் கண்ட இடத்தில் கஞ்சி கேட்டேன்.

உயிர் திரும்பியதும் பழைய பயமும் திரும்பிவிட்டது. அடிவாரத்தில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தேன். சாயிப்பு இறங்கி வந்தார். உன்னைச் சவப்பெட்டியில் வைத்து உன் ஊர்ப் பக்கம் பாறசாலைக்குக் கொண்டுபோய் உன் மனைவியிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டார். பிறகு, பசிக்கிறது, ஏதாவது சமை என்றார். வேலை போகவில்லை.

அந்த வருஷமே லீவு கிடைத்து ஊருக்கு வந்தேன். அடுக்களையில் வைத்து ரோசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தில் எழுதிய சுகமெல்லாம் சுகம் இல்லை என்றும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சட்டியை ஒதுக்கி வைத்தாள்.

"அப்படியெங்கி எனக்கும் ஒண்ணு சொல்லணும். எனக்க மாருல ஒரு கட்டி உண்டு. பல மாசம் ஆச்சு. நீங்க பதறுவியன்னு எழுதல்ல."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் திருவனந்தபுரம் போனோம். ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். உச்சிக்குக் கொண்டுபோம் என்று கேட்டவனை ஆண்டவர் கீழே இறக்கினார். இறக்கி, அந்த அடுக்களை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். நான் மலையில் செத்திருந்தால் அவளும் சுகம் என்று சொல்லியே போயிருப்பாள். இன்றைக்குப் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறாள், பாருங்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது சுகமா என்று கேட்போம். சுகம் ஆக்கும் என்போம். பிரியமானவர்களே, இன்றைக்கு ஒருநாள் அந்தப் பதிலை நிறுத்தி வையுங்கள். மனுஷரிடம் கூச்சமாக இருந்தால் ஆண்டவரிடமாவது உள்ளதைச் சொல்லுங்கள். அவர் யாரையும் அன்ஃபிட் என்று எழுதித் திருப்பி அனுப்புகிறவர் அல்ல.