கப்பலுக்குக் காத்திருந்த நெல்

நெல் முற்றிவிட்டால் அதற்கு ஒரு சத்தம் வந்துவிடும். காற்றடிக்கும்போதெல்லாம் சரசரவென்று, யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதைப் போல. நடு அந்தமானில் எங்கள் முதல் விளைச்சல் அப்படிச் சரசரத்துக்கொண்டு நின்றபோது, அறுக்கக் கூடாது என்று ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

காரணம் டோல். பர்மாவிலிருந்து வந்த எங்களுக்குக் காட்டை வெட்டி நிலம் கொடுத்த சர்க்கார், முதல் அறுவடை வரைக்கும் வயிற்றுப்பாட்டுக்கு உதவிப் பணமும் கொடுத்தது. அதைத்தான் டோல் என்போம். போர்ட் பிளேரிலிருந்து ஆபீசர் கப்பலில் வந்து கையில் கொடுப்பார். அந்த முறை கப்பல் வரவே காணோம். பல மாதப் பாக்கி நின்றுபோயிருந்தது. அதற்குள் ஒருவர் அறுத்தாலும், 'விளைச்சல் வந்தாச்சே, இனி எதுக்கு?' என்று எல்லோருக்குமே நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அப்பாதான் கூட்டம் போட்டுச் சொன்னார்: "கப்பல் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அரிவாளத் தொடக் கூடாது."

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்கள் பக்கத்து நிலத்துக்காரி. சித்தப்பா போர்ட் பிளேர் மரமில்லுக்குக் கூலிக்குப் போயிருந்ததால், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியாகவே நட்டு, களை பறித்து, காட்டுப்பன்றி விரட்டி அந்த நெல்லைக் காப்பாற்றியிருந்தாள். கூட்டம் முடிந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை அவளால். வரப்பில் நடப்பாள், நெல்லை உருவிக் கடித்துப் பார்ப்பாள், வீட்டுக்குப் போவாள், போன வேகத்தில் திரும்பி வருவாள். கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. கடல் பக்கம் வானம் கறுத்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அப்பா மட்டும் கப்பல்துறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் சித்தி அரிவாளோடு வயலில் இறங்கிவிட்டாள். பக்கத்து வங்காளிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அலறினார். "மத் காட்டோ, தீதி! சப்கா டோல் பந்த் ஹோ ஜாயேகா!" அறுக்காதே, எல்லோருடைய டோலும் நின்றுவிடும் என்று. அப்பா ஓடினார்.

"ஏம்புள்ள, ஊரு வயித்துல அடிக்கப் பாக்குறியா?"

சித்தி நிமிரவே இல்லை. "மழை வந்தா ஒங்க ஆபீசரா மச்சான் வந்து நெல்லத் தூக்கி நிறுத்துவாரு?"

அவள் கடைசிக் கதிர்க்கட்டைக் குடிசைக்குள் அடுக்கியதும் மழை பிடித்தது, நாள்கணக்கில் விடவில்லை. எங்கள் நெல்லெல்லாம் சேற்றில் சாய்ந்து கதிரிலேயே முளைத்துவிட்டது. அதற்குப் பிறகு கப்பல் வந்தது. ஆபீசர் நல்ல மனிதர்தான். அழுகிய வயல்களைப் பார்த்து உச்சுக்கொட்டி, எங்களுக்குப் பாக்கி முழுவதையும் கொடுத்தார். அடுத்த விளைச்சல் வரை டோலை நீட்டவும் செய்தார். சித்தியின் குடிசையில் நெல் இருந்தது. அதனால் பாக்கியும் இல்லை, டோலும் இல்லை, அவள் ஒருத்திக்கு மட்டும் பந்த். என்ன நியாயமோ! அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த நடவுக்கு ஊரில் ஒரு பிடி விதைநெல் கிடையாது. சித்திதான் எல்லோருக்கும் அளந்து கொடுத்தாள், அலறிய வங்காளிக்காரருக்கும். அப்பா போகக் கூசி அம்மாவை அனுப்பினார். அந்த மழைக்காலம் முழுக்க சித்தியின் பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்குதான் சோறு.

இப்போது நான் போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் மகனோடு இருக்கிறேன். நிலத்துக்குச் சர்க்கார் தரும் உதவிப் பணம் வங்கியில் விழுந்ததாகக் கைப்பேசி டிங் என்கிறது. விதைத்தாயா, அறுத்தாயா என்று கேட்க ஒரு ஆள் வருவதில்லை. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். எங்கள் குடும்பத்தில் சித்தியைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவார்கள், சர்க்கார் காசைத் துச்சமாக நினைத்தவள் என்று. நானும் அப்படியே நம்பி, அவளுடைய கடைசிக் காலத்தில் ஒருமுறை கேட்டேன்: "அந்தக் காசே வேணாம்னு எப்படிச் சித்தி துணிஞ்ச?"

படுத்திருந்தவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "யாருடி வேணாம்னது? எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு. இன்னும் குடுக்கல அவனுங்க."