ஆடு மட்டும் கேட்ட மலைப்பேச்சு

இன்னைக்கு மாரமங்கலம் பஸ்ஸில ஒரு ஆராய்ச்சியாளர் என் பக்கத்துல உக்காந்தாருங்க. மடியில டேப்ரெக்கார்டர். மலைக்காரங்க பேச்சு அழியறதுக்குள்ள பதிவு பண்ணணுமாம்.

நான் எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதறவன். எங்ககிட்ட மிளகு பறிக்கிற சின்னப்பொண்ணுங்கிற மலைக்கார அக்கா ஊட்டுக்கு நானே கூட்டிட்டுப் போனேன்.

அக்கா மலைப்பேச்சுல ரெண்டு வார்த்தை பேசினதும் அவரு டேப்பை நிறுத்திட்டார்.

"கொஞ்சம் திருத்தமாப் பேசுங்கம்மா. பெரிய பெரிய அறிஞருங்க கேப்பாங்க."

அவ்வளவுதான். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி ஆரம்பிச்சாங்க. "எங்கள் இல்லத்தில் அனைவரும் நலம்…" அரை மணி நேரம். எனக்கே புல்லரிச்சுது.

அவரு முகம் தொங்கிப்போச்சு. நோட்டுல எழுதினார்: "மலைப்பேச்சு முற்றிலும் மறைந்துவிட்டது."

டேப்ரெக்கார்டர் பைக்குள்ள போன நேரம், ஆடு ஒண்ணு அவரைக்கொடியில வாயை வெச்சுது. அக்கா அதை மலைப்பேச்சுல திட்டின திட்டு எதிர்மலை வரைக்கும் கேட்டுது.

அவரு காதைப் பொத்திக்கிட்டு என்னைக் கேட்டார்: "என்ன சார் இது, ஒரே சத்தம்? கடைசி பஸ் எப்போ?"

அடுத்த வாரம் இன்னொருத்தர் வர்றாராம். ஆட்டை இப்பவே அவுத்து விட்டுரலாங்களா? நீங்களே சொல்லுங்க.