தையல் போட்ட வான்கோழி

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையின் கேம்ப் மெஸ்ஸில் பல வருடங்கள் சமைத்தவர் கார்மேகம். ஊர் கமுதிப் பக்கம். மெஸ் வேறொரு காண்டிராக்டர் கைக்குப் போனபோது அவருடைய விசா ரத்தானது. நாட்டில் தங்குவதற்கான கெடு முடிய அதிக நாள் இல்லை. மனைவி சங்கீதாவிடம் இதை அவர் இன்னும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் ஊருக்குப் போய் என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை.

இறைச்சிக்கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து முகம்மது ரிபாய்தான் அவரை ஓர் ஆங்கிலேயர் வீட்டில் சேர்த்துவிட்டார். கிறிஸ்துமஸ் விருந்து நன்றாக முடிந்தால் விசா எடுப்பதாக மேடம் சொன்னாள். அதற்கு அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களை வாங்கி வைத்துக்கொண்டாள். முழு வான்கோழியை ஓவனில் சுட வேண்டும், மேசையில் வைத்து ஐயா அறுப்பார் என்று செல்போனில் ஒரு படமும் காட்டினாள். செம்பழுப்பாக மின்னியது. மசாலா என்று கார்மேகம் நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் வான்கோழியைக் கழுவினார். மெஸ்ஸில் தோலோடு ஒரு துண்டு விழுந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவார்கள். கழுத்தில் தொடங்கி, சட்டையைக் கழற்றுவதுபோல் தோலை உரித்துக் குப்பையில் போட்டார். பழகிய கை எதையும் யோசிப்பதில்லை. பிறகு மேடம் எட்டிப் பார்த்து, தோல் மொறுமொறுவென்று வரட்டும், பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடுவார்கள் என்று சொல்லிவிட்டுச் சர்ச்சுக்குக் கிளம்பினாள்.

கார்மேகம் ரிபாய்க்கு போன் செய்தார்.

"பாய், தோல உரிச்சுப்புட்டேன்."

"எதுக்கு?"

"வான்கோழிக்கு."

"என்னவே இது? அவங்களுக்குத் தோலுதான்வே பண்டிகை."

"வேற ஒண்ணு இருக்கா பாய்?"

"மாஃபி, இல்லவே இல்ல. கடைசியத்தான் உமக்குத் தந்தேன்."

"போட்டோல்லாம் வாங்கிட்டாக பாய். இதுவும் போச்சுன்னா..."

ரிபாய் ஃப்ரீசரைத் திறக்கும் சத்தம் போனில் கேட்டது.

"நம்ம ஆளுவளுக்கு உரிச்ச கோழித்தோலு ஒரு பை கெடக்கு. கொண்டாரேன். சட்டையக் கழட்டுனவரு நீரு. நீரே மாட்டிவிடும்."

பை வந்தது. ஒவ்வொரு தோலும் உள்ளங்கை அகலம்தான். கார்மேகம் வெள்ளை நூலால் ஒன்றோடொன்று தைத்து, வான்கோழியின் நெஞ்சை மூடினார். ஊசி வழுக்கியது. இரண்டு முறை விரலில் ஏறியது. ஓவன் சூட்டில் தோல் சுருங்கியது. தையல் விட்ட இடங்களில் எலுமிச்சைத் துண்டுகளை அடுக்கினார். தள்ளி நின்று பார்த்தால் படத்தில் இருந்தது போலத்தான் இருந்தது.

விருந்தின்போது அடுக்களைக் கதவோரம் நின்றார். ஐயா கத்தியை இறக்கினார். கத்தியோடு நூலும் வந்தது. இழுத்தார், நீண்டுகொண்டே வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். விருந்தினர்கள் படம் எடுத்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் உள்ளே வந்தாள். திட்டவில்லை. கறி நன்றாக வெந்திருந்தது என்றாள். மிச்சக் கறியை ஃபாயிலில் சுற்றிக் கொடுத்தாள். அதன்மேல் ஒரு கவரை வைத்தாள். கார்மேகம் பிரித்துப் பார்த்தார். அவருடைய போட்டோக்கள், கொடுத்தபடியே இருந்தன.

கடையில் ரிபாய் ஃபாயிலைப் பிரித்து ஒரு துண்டு தின்றார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. என்ன சொன்னாவ?"

"கலாஸ் பாய். முடிஞ்சுபோச்சு."

சங்கீதா போனில் கூப்பிட்டாள். கார்மேகம் மணியடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மணி ஓய்ந்து, மீண்டும் அடித்தது.