அன்ரன் அண்ணை எண்ணாத இருபத்துநாலு தாள்

அன்ரன் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் கோட் போட்ட அவருடைய படம், கீழே இரண்டு வரி. என் கண்ணாடி குசினியில் கிடந்தது. கேக் படமும் சேர்த்துத் தட்டிவிட்டேன். மகள் மேல்மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா, டிலீட் பண்ணுங்கோ! ஹீ இஸ் டெட், அப்பா!"

அழிப்பதற்குள் பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள். அந்தப் பதினொரு பேரும் இதை வாசிப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை என்னை ஸ்காபரோவில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "திங்கள் ஆறரைக்கு நில்லும்" என்று சொல்லிப்போன மனிதர். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றால் எப்படி நம்புவது? திங்கள் ஆறரைக்கு நான் வாசலில் போய் நின்றேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மனைவி செலின் அக்கா கேட்டார். ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் தவறியவனிடம் கேட்டிருக்கிறார். வருவது வரட்டும்.

நானும் அண்ணையும் ஒன்பது வருடம் மிசிசாகாவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். எஞ்சினுக்குள்ளே இரும்பு இளகிப்போகும் சூட்டில் நிற்கவேண்டிய பீங்கான் பாகங்கள் செய்கிற இடம். தலைமயிரை விட மெல்லிய பீங்கான் நூலால் நெய்த துணியை அச்சில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது என் வேலை. சரிபார்த்துக் கையெழுத்து வைப்பது அவர் வேலை.

பீங்கானுக்குள் எதற்கு நூல் என்று முதல் கிழமையே கேட்டேன். "ஐசே, கோப்பை விழுந்தால் ஒரேயடியா உடையும். இதில வெடிப்பு வந்தாலும் நூலில முட்டி வழி மாறும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். ஆனால் ஒண்டு, நூல் பீங்கானோட இறுக ஒட்டக்கூடாது. ஒட்டினால் ரெண்டும் சேர்ந்து முறியும். அதுக்குத்தான் நூலுக்கு மேல ஒரு மெல்லிய பூச்சு."

"ஒட்டவும் வேணும், ஒட்டவும் கூடாதோ? எனக்கும் என்ரை மச்சானுக்கும் இருக்கிற மாதிரியோ?"

"ஓம். ஆனால் இது வேலை செய்யும்."

உண்மையைச் சொன்னால் அது எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. தலையாட்டியே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

ஒவ்வொரு துணியின் முதுகிலும் ஒரு நீலப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும். உரித்துவிட்டுத்தான் அடுக்கவேண்டும். உரித்த தாளை எறியக்கூடாது, ஒரு தட்டில் சேர்க்கவேண்டும். இருபத்துநாலு துணி என்றால் தட்டில் இருபத்துநாலு தாள். முதலில் நான் எண்ணுவேன், பிறகு அவர் எண்ணுவார். ஒன்று குறைந்தால் அது உள்ளே கிடக்கிறது. சூளையில் எரிந்து, இருந்த இடத்தில் வெற்றிடம் விட்டுவிடும். "தாளை நம்பும், ஆளை நம்பாதையும்" என்பார். நான் எண்ணியதை என் முகத்துக்கு நேரேயே திரும்ப எண்ணுவார். எனக்குக் கோபம் வரும்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் பின்னேரம் மகளுக்கு ட்ரைவிங் டெஸ்ட். நான் பக்கத்தில் இருக்காவிட்டால் அவள் காரை எடுத்துக்கொண்டு போக முடியாது. என்னை வீட்டுக்குக் கொண்டுபோவது அண்ணையின் கார். தட்டை நீட்டினேன். "இருபத்துநாலும் சரி, அண்ணை." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓடி வாரும், 401 ஹைவேயில வாகனம் இறுகப்போகுது" என்று எண்ணாமலே கையெழுத்து வைத்தார். மகள் அன்று ஃபெயில், அது வேறு.

அடுத்த கிழமை ஸ்கானில் அந்தப் பாகத்துக்குள் ஒரு நிழல் தெரிந்தது. மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். கையுறை போடாததற்காக என் பெயரில் ஏற்கனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம். இரண்டாவது வந்தால் வேலை இல்லை. மகளுக்கோ அந்த செப்டெம்பரில் கொலிச் தொடங்குகிறது. நான் வாயைத் திறக்கமுதல் அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒரு தாள் குறையுது என்று இவர் சொன்னவர். குப்பைக்குள் போயிருக்கும் என்று நான்தான் கையெழுத்து வைத்தேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருடம் அவரைத் துணி வெட்டுகிற மேசைக்கு இறக்கினார்கள்.

அன்று காரில் கேட்டேன். "ஏன் அண்ணை?"

"எண்ணவேண்டியது ஆர்?"

"நீங்கள். ஆனால் நான்தானே..."

"உந்தக் கதையை இன்னொருக்கா எடுத்தீர் எண்டால் அடுத்த பஸ் ஸ்டொப்பில இறக்கிவிட்டிடுவன்."

"401இல பஸ் ஸ்டொப் இல்லையே, அண்ணை."

"அப்ப வசதி. இதிலேயே இறங்கி நடவும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். நாலு வருடம் அவருடைய காரில் போய்வந்தும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்மேல் கோபமா, தன்மேல் கோபமா, கோபமே இல்லையா? இன்று யாரிடம் கேட்பேன்?

அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று செலின் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தத் தாள் விசயம் அவர் எனக்குச் சொன்னவர். ஒண்டு குறையுது எண்டு நீங்கள் சொல்லியும் தான் கேக்கேல்லையாம். பிறகும் நீங்கள் ஒருத்தரிட்டையும் அவரைக் குறைச்சுக் கதைக்கேல்லையாம். அது அவருக்குப் பெரிய ஆறுதல், தம்பி."

வீட்டிலும் அப்படியேதான் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் கூட என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாரா, அல்லது சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டதா? எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். இப்போது சரிபார்க்க வரும் பிள்ளையிடம் தட்டை நீட்டி, "என்னை நம்பாதையும், எண்ணும்" என்கிறேன். அவளுக்குச் சிரிப்பு.

அன்று எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "ஓம் அக்கா, நல்ல மனுசன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். சொல்லாதது இதுதான்: தட்டில் இருபத்துமூன்றுதான் இருந்தது, அக்கா. நான் இரண்டு தரம் எண்ணினேன்.